பனியில் பதிந்த தடம்: ஜாக் லண்டனின் 'வாழ்வின் நியதி' கதையை வாசிக்கும் முறை



ஒரு விடைத்தாள் கட்டிலிருந்து ஆரம்பிக்கிறேன். படிவம் 5 மாணவர்களுக்கு ஜாக் லண்டனின் ஒரு சிறுகதையைத் தமிழில் சொல்லிக் காட்டினேன். பிறகு, 'இக்கதையின் கருப்பொருளையும் படிப்பினையையும் விளக்குக' என்று கேள்வி கொடுத்தேன். வகுப்பில் பாதிக்கு மேல் ஒரே வாக்கியத்தைத்தான் எழுதியிருந்தார்கள்: 'மரணம் இயற்கையின் நியதி, அதை யாராலும் தவிர்க்க முடியாது.' சரி, போகட்டும். படிப்பினை என்ற இடத்தில் சிலர் எழுதியதுதான் என்னை உறுத்தியது: 'வயதான பிறகு மற்றவர்களுக்குப் பாரமாக இருக்கக் கூடாது.'

பதினேழு வயசுப் பிள்ளைங்க இப்படி எழுதினா, தப்பு கதையிலயா, வாசிப்புலயா, இல்ல நாம சொல்லிக் கொடுத்த முறையிலயா? இதை யோசித்துக்கொண்டே அடுத்த பாடவேளைக்குப் போனேன். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பையன் கையைத் தூக்கினான். "ஐயா, அந்தப் பேத்தி இன்னும் ரெண்டு கட்டை விறகு கூட வச்சிட்டுப் போயிருக்கலாம்ல? அதுக்கும் நியதிக்கும் என்னா சம்பந்தம்?" வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ஒரு கேள்வியில் ஒரு முழுத் திறனாய்வே இருந்தது. இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கு நான் தேடிய பதில்.

கதையும் ஆசிரியரும்

ஜாக் லண்டன் (1876–1916) சான் பிரான்சிஸ்கோவில் பிறந்த அமெரிக்க எழுத்தாளர். 1897-இல் கனடாவின் வடமேற்கில் உள்ள குளோண்டைக் பகுதிக்குத் தங்கம் தேடிப் போனவர்களில் அவரும் ஒருவர். தங்கம் கிடைக்கவில்லை. ஒரு குளிர்காலத்தை அங்கே கழித்துவிட்டு, சத்தான உணவு இல்லாமல் வரும் ஸ்கர்வி நோயோடு 1898-இல் ஊர் திரும்பினார். அவர் கொண்டுவந்த சொத்து கதைகள்தான். நாம் பார்க்கப்போகும் 'தி லா ஆஃப் லைஃப்' என்ற கதை 1901-இல் ஓர் இதழில் வெளிவந்து, 1902-இல் 'சில்ட்ரன் ஆஃப் தி ஃப்ராஸ்ட்' என்ற தொகுப்பில் சேர்ந்தது. நாம் இதை 'வாழ்வின் நியதி' என்று அழைப்போம்.

கதை சின்னது. கோஸ்கூஷ் என்பவர் ஒரு வடபுலக் குடியின் முன்னாள் தலைவர். இப்போது கண் தெரியாத கிழவர். அந்தக் குடி பசியோடு இடம் மாறுகிறது. நடக்க முடியாத கோஸ்கூஷைப் பனியில் விட்டுச் செல்கிறார்கள். பக்கத்தில் ஒரு சிறு நெருப்பு, ஒரு கை விறகு. இப்போதைய தலைவரான மகன் வந்து பேசிவிட்டுப் போகிறான். தனியாக உட்கார்ந்திருக்கும் கிழவர் தம் வாழ்க்கையை நினைத்துப் பார்க்கிறார். பையனாக இருந்தபோது ஜிங்ஹா என்ற நண்பனோடு பனியில் ஒரு கிழ மூஸ் மானின் தடத்தைப் பின்தொடர்ந்து போனதும், ஓநாய்கள் அதை வீழ்த்தியதைப் பார்த்ததும் நினைவுக்கு வருகின்றன. நினைவு முடிகிற நேரத்தில் உண்மையான ஓநாய் ஒன்றின் குளிர்ந்த மூக்கு அவர் கன்னத்தில் படுகிறது. கொள்ளிக்கட்டையை எடுத்து வீசுகிறார். ஓநாய்கள் வளையமாகச் சூழ்கின்றன. கடைசியில் கொள்ளியைப் பனியில் போட்டுவிடுகிறார். அவ்வளவுதான் கதை.

பின்னோக்கு உத்தி, குறியீடு, ஒப்புமை எல்லாம் இதில் இருக்கின்றன. மாணவர்கள் அவற்றை அடையாளம் கண்டுவிடுவார்கள். மூஸ் சாகிறது, கிழவரும் சாகிறார், ஆகவே மூஸ் என்பது கிழவர், இதுதான் நியதி. இந்தக் கணக்கு சுலபம். ஆனால், தடத்தை ஓரடி ஓரடியாகப் பார்த்தால் கணக்கு இடிக்கிறது.

பனி சொல்லும் கதை

நம்ம ஊர்ல பனி இல்ல. ஆனா தடம் இருக்கு. மழை விட்ட மறுநாள் காலையில் செம்பனைத் தோட்டத்து மண் பாதையில் காட்டுப்பன்றியின் குளம்படியைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். எத்தனை வந்தன, எந்தப் பக்கம் போயின, குட்டிகள் கூட இருந்தனவா என்று பெரியவர்கள் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார்கள்.

மூஸ் என்பது மான் குடும்பத்திலேயே மிகப் பெரியது. யூகோன், அலாஸ்கா பகுதிகளில் வளர்ந்த ஆண் மூஸ் தோள்பட்டை வரை ஏறக்குறைய 2 மீட்டர் உயரம் இருக்கும், எடை 500 கிலோவைத் தாண்டும். நம் காடுகளில் உள்ள ரூசா மானைப்போல் குறைந்தது இரண்டு மடங்கு. கால்கள் நீளமானவை என்பதால் ஆழமான பனியிலும் நடந்துவிடும். குளம்பு இரண்டாகப் பிளந்து விரியும். பனி ஆழமாக இருந்தால் பின்னால் உள்ள இரண்டு சிறு குளம்புகளும் சேர்ந்து பதியும். புதிய தடத்தில் பனி உதிரியாக இருக்கும், நேரம் ஆக ஆக அது இறுகிக் கெட்டியாகும். அனுபவசாலி விரலால் தொட்டுப் பார்த்தே தடம் புதுசா பழசா என்று சொல்லிவிடுவார்.

இப்போது கதைக்கு வாருங்கள். ஓடைப் படுகையில் இரண்டு பையன்களும் தடத்தைக் காண்கிறார்கள். பெரிய குளம்படி, அதோடு பல ஓநாய்களின் அடிகள். ஜிங்ஹா உடனே சொல்கிறான்: இது கிழ மூஸ், கூட்டத்தோடு போக முடியாமல் பின்தங்கிவிட்டது. அதன் பிறகு வருவதெல்லாம் தடம்தான். விலங்கை அவர்கள் இன்னும் பார்க்கவே இல்லை.

முதல் இடத்தில் பனி நாலா பக்கமும் மிதிபட்டுக் கிடக்கிறது. நடுவில் மூஸின் ஆழமான குளம்படிகள், சுற்றிலும் ஓநாய்களின் லேசான அடிகள். சில ஓநாய்கள் ஓரமாகப் படுத்து ஓய்வெடுத்த உடல் அச்சுகூடத் தெரிகிறது. மூஸ் ஓர் ஓநாயை மிதித்துக் கொன்றிருக்கிறது. அதன் எலும்புகள் மட்டும்தான் மிச்சம், மற்ற ஓநாய்கள் அதைத் தின்றுவிட்டன. இரண்டாவது இடத்தில் மூஸ் இரண்டு முறை கீழே விழுந்து இரண்டு முறையும் உதறி எழுந்திருக்கிறது. பிறகு கரையேறிக் காட்டுக்குள் போக முயன்று, பின்பக்கமாகச் சரிந்து, இரண்டு ஓநாய்களைத் தன் உடலால் நசுக்கியிருக்கிறது. இந்த இரண்டையும் மற்ற ஓநாய்கள் தொடவில்லை. இதிலிருந்து பையன்கள் ஒரு முடிவுக்கு வருகிறார்கள்: முடிவு பக்கத்தில் வந்துவிட்டது, அதனால்தான் ஓநாய்களுக்குத் தின்ன நேரம் இல்லை. அதற்கப்புறம் அடுத்தடுத்து இரண்டு இடங்கள். தடத்தில் இரத்தம். மூஸின் எட்டு குறுகிவிட்டது.

ஆசிரியர்களே, இந்தப் பகுதியை வகுப்பில் நிறுத்தி நிறுத்திச் சொல்லுங்கள். முதல் ஓநாயைத் தின்றார்கள், பிந்திய இரண்டைத் தின்னவில்லை. இந்த வேறுபாட்டிலிருந்து ஒரு முடிவுக்கு வருவதுதான் கருத்துணர்தல். 'வெளிப்படையாகச் சொல்லப்படாத கருத்தை ஊகித்தறிதல்' என்று நாம் பாடத்திட்டத்தில் எழுதுகிறோமே, அதைப் பனியில் இரண்டு சிறுவர்கள் செய்து காட்டுகிறார்கள்.

பழைய துப்பாக்கி கற்றுத் தரும் பாடம்

கதையின் இந்தக் காட்சியில் துப்பாக்கி வெடிப்பதில்லை. ஆனாலும் மூஸ் வேட்டையின் முறையைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் வாசிக்கும் முறையும் பிடிபடும். அதனால் ஒரு சின்ன விலகல்.

மூஸ் படுத்து ஓய்வெடுக்கும் முன் வளைந்து திரும்பி, தான் வந்த தடத்துக்கே பக்கவாட்டில் வந்து படுத்துக்கொள்ளும். தடத்தை நேராகப் பின்தொடர்கிறவனின் வாடை காற்றில் அதற்கு வந்துவிடும். இது தெரிந்த வடபுல அதபாஸ்கன் வேட்டைக்காரர்கள் தடத்தின் மேலேயே நடக்க மாட்டார்கள். காற்று வீசிப் போகும் பக்கமாக அரைவட்டம் அடித்து விலகிப் போவார்கள், மறுபடி தடத்தைத் தொட்டுப் பார்ப்பார்கள், மறுபடி விலகுவார்கள். ஒரு வட்டத்தில் தடம் இல்லையென்றால், மூஸ் பின்னால்தான் இருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் சின்னச் சின்ன வட்டமாகத் திரும்பி வந்து கிட்ட நெருங்குவார்கள்.

இப்படிக் கிட்ட நெருங்கத் தெரிந்தவனுக்குப் பழைய துப்பாக்கியே போதும். லண்டன் காலத்தில் இருந்த 1894 மாடல் வின்செஸ்டர் போன்ற துப்பாக்கிகளில் தொலைநோக்கி கிடையாது, திறந்த குறிதான். கண்ணுக்கருகே ஒரு சிறு வெட்டு, குழலின் நுனியில் ஒரு சிறு மணி. பனி அடைத்தால் விரலால் தட்டிவிட்டுக் குறி பார்க்கலாம். மணி வெள்ளையாக இருந்தால் மட்டும் ஆபத்து, வெண்பனியில் அது கண்ணுக்கே தெரியாது. ஆனால், மனிதக் கண்ணால் ஒரே நேரத்தில் பின்வெட்டு, முன்மணி, இலக்கு என்ற மூன்றையும் தெளிவாகப் பார்க்க முடியாது. ஒன்றுதான் தெளிவாகத் தெரியும். தேர்ந்தவன் முன்மணியைத் தெளிவாகப் பார்ப்பான். இலக்கு கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தாலும் விட்டுவிடுவான். இலக்கையே உற்றுப் பார்த்தால் மணி நகர்ந்துவிடும், குண்டு தவறிவிடும்.

மாணவர்களே, தேர்வு மண்டபத்திலும் இதே மூன்றுதான். கண்ணுக்கருகே இருக்கும் வெட்டு, கேள்வி. தூரத்தில் நிற்கும் இலக்கு, கருப்பொருள். நடுவில் இருக்கும் மணி, கதையிலிருந்து நீங்கள் எடுக்கும் சான்று. உங்களில் பலர் இலக்கையே உற்றுப் பார்த்து 'மரணம் இயற்கையின் நியதி' என்று சுட்டுவிடுகிறீர்கள். சான்றைப் பார்ப்பதே இல்லை. சான்றைத் தெளிவாகப் பாருங்கள். கருப்பொருள் முதலில் மங்கலாக இருந்தால் பரவாயில்லை.

நியதி யார் வாயில் இருக்கிறது?

இப்போது சான்றுகளைப் பார்ப்போம். 'எல்லாரும் சாக வேண்டும், இயற்கைக்குத் தனி உயிரைப் பற்றிக் கவலையில்லை, இனம் வாழ்ந்தால் போதும்' என்ற கருத்து கதையில் வருகிறது. யார் நினைப்பது? கோஸ்கூஷ். கைவிடப்பட்ட ஒரு மனிதர், தம் மனசைத் தேற்றிக்கொள்ளும் நேரத்தில் நினைப்பது. ஒரு கதைமாந்தர் நினைப்பதை அப்படியே கதையின் கருப்பொருள் என்று எழுதலாமா? மற்ற தடங்கள் அதற்கு ஒத்துப்போகின்றனவா என்று பார்த்துவிட்டு எழுத வேண்டும். பாருங்கள்.

ஒன்று, மூஸ். இனத்துக்குச் செய்ய வேண்டிய வேலையை அது எப்போதோ முடித்துவிட்டது. நியதிப்படி அது அமைதியாகச் சாக வேண்டும். ஆனால் ஐந்து இடங்களில் போராடுகிறது. உயிர் அதற்கு அப்போதும் இனிக்கிறது என்பதைக் கதையே ஒப்புக்கொள்கிறது.

இரண்டு, ஜிங்ஹாவின் வியப்பு. ஒருமுறை கீழே விழுந்த மூஸ் மறுபடி எழுவது அதிசயம் என்கிறான் அவன். இதைக் கேட்டால் குடியின் பூசாரி ஏதோ அற்புதம் என்பார் என்று நினைக்கிறார்கள். நியதிக்கு விலக்கு உண்டு என்பதைப் பனி எழுதி வைத்திருக்கிறது.

மூன்று, மகன். மற்ற கிழவர்களின் மகன்கள் இப்படி நின்று பேசியதில்லை, இவன் நிற்கிறான். குடியே அவசரமாகக் கிளம்புகிறது, வயிறுகள் காய்ந்திருக்கின்றன, பனி வேறு விழத் தொடங்குகிறது. அந்த நேரத்திலும் அப்பாவின் தலையில் கை வைத்து நலம் கேட்கிறான். இதைச் செய்யச் சொல்லி எந்த நியதியும் இல்லை.

நான்கு, பேத்தி. நம்ம பையன் கேட்ட விறகு. தாத்தாவை நினைத்துக் கூடுதலாக ஓர் அணை விறகு அவள் சேர்த்திருந்தால் அவருடைய நேரம் நீண்டிருக்கும், அது அவளுக்கு ஒன்றும் கஷ்டமில்லை. இதைக் கோஸ்கூஷே மனத்தில் சொல்லிக் குறைப்படுகிறார். ஒருவன் அவள்மேல் கண் வைத்த நாளிலிருந்து அவளுக்குப் பெரியவர்கள் நினைவு இல்லை என்கிறார். நியதியை முழுசா ஏத்துக்கிட்டவர் விறகு கொறைச்சல்னு வருத்தப்படுவாரா?

ஐந்து, காது. கிழவருக்குக் கண் இல்லை. கதை முழுவதும் அவர் காதால்தான் வாசிக்கிறார். மூஸ் தோலால் செய்த கூடாரத்தை மடிக்கும்போது உறைந்த தோல் மொறமொறவென்று ஒடியும் சத்தம், நாய்களைக் கட்டும் சத்தம், நோயாளிக் குழந்தையின் முனகல். எல்லாரும் போன பிறகும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிறார். எதற்கு? மகன் மனம் இளகித் திரும்பி வருவானோ என்று. இந்த ஒரு இடம் போதும். நியதியை நம்புகிறவருக்கு இந்த நப்பாசை ஏன்?

ஆறு, கடைசி வரி. கதை ஒரு கேள்வியில் முடிகிறது. 'இதுதானே வாழ்வின் நியதி?' என்ற பொருளில் கோஸ்கூஷ் கேட்டுக்கொள்கிறார். மாணவர்கள் அந்தக் கேள்விக்குறியை அழித்துவிட்டு முற்றுப்புள்ளி வைத்துவிட்டார்கள். அது விடை எதிர்பாராத கேள்விதானே என்று ஆசிரியர் யாராவது கேட்கலாம். இருக்கலாம். ஆனால், மேலே சொன்ன ஐந்து தடங்களையும் கடந்து வந்தவருக்கு அந்தக் கேள்வி அவ்வளவு சுலபமாக அடங்காது.

அதற்காக, 'நன்றிகெட்ட பிள்ளைகள் பெற்றவரைக் கைவிட்டார்கள்' என்று இன்னொரு பக்கம் சாயவும் கூடாது. அதுவும் தூரத்திலிருந்து சுடுவதுதான். குடி முழுக்கப் பட்டினியில் இருக்கிறது. கோஸ்கூஷும் ஒருகாலத்தில் தம் தந்தையைக் குளோண்டைக் ஆற்றின் மேற்பகுதியில் இப்படித்தான் விட்டுவந்தார். சிறுவயதில் வந்த பஞ்சத்தில் தாயை இழந்தவர் அவர். யாரும் இங்கே வில்லன் இல்லை. என் வாசிப்பு இதுதான்: விட்டுப் போனது தேவை, விறகைக் குறைத்தது அலட்சியம். இரண்டும் ஒரே நெருப்பின் பக்கத்தில் நடக்கின்றன. இரண்டுக்கும் 'நியதி' என்ற ஒரே பெயர் வைத்தால் அலட்சியம் ஒளிந்துகொள்ள இடம் கிடைத்துவிடும். கதை நியதியை உரக்கச் சொல்கிறது, அலட்சியத்தைத் தடமாக மட்டும் விட்டுவைக்கிறது.

ஆசிரியர் எங்கே வளைத்தார்?

பாராட்டு மட்டும் திறனாய்வு ஆகாது. இந்தக் கதையில் எனக்குத் தெரியும் இரண்டு குறைகளையும் சொல்லிவிடுகிறேன்.

முதல் குறை, மூஸ் கூட்டம். மூஸ் பெரும்பாலும் தனியாக வாழும் விலங்கு. இணைசேரும் பருவத்திலும், பனி மிகுந்த காலத்தில் தீனி உள்ள இடத்திலும் சில ஒன்றாகச் சேர்வதுண்டு. ஆனால், கரிபூ மான்களைப்போல் ஒரே கூட்டமாக நெடும்பயணம் போய், நடக்க முடியாததைப் பின்னால் விட்டுச் செல்லும் வழக்கம் அதற்கு இல்லை. பிறகு ஜிங்ஹா சொல்லும் 'கூட்டம்' எங்கிருந்து வந்தது? கதைக்குத் தேவைப்பட்டது, வந்தது. மனிதக் குடி கிழவரை விட்டுப்போவதற்கு ஒப்பாக, மூஸ் கூட்டமும் கிழட்டு மூஸை விட்டுப்போக வேண்டும். 1903-இல் வந்த 'தி கால் ஆஃப் தி வைல்ட்' நாவலிலும் லண்டன் இதையே செய்கிறார். பக் என்ற நாய் கிழ மூஸ் ஒன்றைக் கூட்டத்திலிருந்து பிரித்து நான்கு நாள் துரத்திக் கொல்கிறது. கூட்டம் அதைக் கைவிட்டு நகர்ந்துவிடுகிறது.

இயற்கை உண்மையில் என்ன சொல்கிறது? அமெரிக்காவின் ஐல் ராயல் தீவில் 1958 முதல் ஓநாய்களையும் மூஸ்களையும் அறிவியலாளர்கள் ஆராய்ந்து வருகிறார்கள். ஓநாய்களுக்கு அதிகம் பலியாவது குட்டிகளும் வயதானவையும்தான். அந்த அளவில் லண்டன் சொன்னது சரி. ஆனால், ஓநாய்கள் நெருங்கிச் சோதித்துப் பார்க்கும் மூஸ்களில் பெரும்பாலானவை தப்பிவிடுகின்றன. ஓடாமல் எதிர்த்து நிற்கும் மூஸை ஓநாய்கள் பல நேரம் விட்டுவிட்டுப் போகின்றன. ஆக, இயற்கை அவ்வளவு ஒழுங்கான நியதி இல்லை. மனிதன் இயற்கைச் சக்திகளின் கையில் ஒரு துரும்பு என்று காட்டும் எழுத்துமுறையை 'இயற்பண்புவாதம்' என்கிறோம். லண்டன் அதில் வல்லவர். ஆனால், இயற்கையைச் சாட்சிக்குக் கூப்பிடும்போது சாட்சியின் வாயில் சில சொற்களைத் தானே போட்டுவிடுகிறார்.

இரண்டாவது குறை, இது வெளியாள் எழுதிய கதை. ஒரு குளிர்காலம் மட்டும் அங்கே இருந்தவர், அந்த மண்ணின் மக்களைப் பற்றி எழுதினார். அந்த மக்களும் அதே காலத்தில் தங்கள் வாழ்க்கையை வாழ்ந்துகொண்டிருந்தார்கள். குளோண்டைக் ஆறு யூகோனில் கலக்கும் இடத்தில் ஹான் மக்களின் மீன்பிடி முகாம் இருந்தது. தங்கம் தேடி ஆயிரக்கணக்கானோர் வந்து குவிந்தபோது, 1897-இல் தலைவர் ஐசக் தம் மக்களை ஆற்றின் கீழ்ப்பகுதியில் சில கிலோமீட்டர் தள்ளி, மூஸ்ஹைட் என்ற இடத்துக்கு அழைத்துப் போனார். வந்தவர்களின் வெள்ளத்தில் தங்கள் பாடல்கள் அழிந்துவிடக்கூடும் என்று அஞ்சி, அவற்றை அலாஸ்காவில் இருந்த உறவினர்களிடம் ஒப்படைத்துக் காக்கச் சொன்னார். பல தலைமுறைக்குப் பிறகு அவை திரும்பி வந்தன. லண்டன் அந்தப் பகுதிக்குப் போனதும் அதே 1897-தான். ஒரு தலைவர் எதை விட்டுப்போவது, எதை எப்பாடு பட்டாவது காப்பது என்று தெரிந்து செயல்பட்ட வரலாறு அங்கேயே நடந்தது. அதனால், 'அந்த மக்கள் இப்படித்தான் முதியோரை விட்டுவிடுவார்கள்' என்று இந்தக் கதையை ஆதாரமாக வைத்து யாரும் எழுத வேண்டாம். இது புனைவு.

தேர்வில் எப்படி எழுதுவது?

நம் மாணவர்களுக்கு ஒரு சின்ன நினைவூட்டல். 'கருப்பொருள்' என்ற சொல்லைக் கதையின் மையக் கருத்து என்ற பொருளில் பாடத்தில் பயன்படுத்துகிறோம். தொல்காப்பிய மரபில் கருப்பொருள் என்பது அந்த நிலத்துக்குரிய விலங்கு, பறவை, மரம், உணவு, தொழில் முதலியவை. இந்தக் கதைக்கு அந்தப் பழைய பொருளே நல்ல கைவிளக்கு. முதலில் பனி, மூஸ், ஓநாய், கூடாரம், விறகு ஆகியவற்றைப் பட்டியலிடுங்கள். ஒவ்வொன்றும் எத்தனை இடத்தில், யாருடைய பார்வையில் வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மையக் கருத்து அந்தப் பட்டியலிலிருந்து தானாக மேலே வரும்.

'இக்கதையில் நியதி என்ற கருத்து எவ்வாறு கையாளப்பட்டுள்ளது?' என்ற கேள்விக்கு ஒரு பத்தி மாதிரி:

'கோஸ்கூஷ் மரணத்தை இயற்கையின் நியதியாக ஏற்க முயல்கிறார். எனினும், அவர் நினைவுகூரும் மூஸ் இறுதிவரை போராடுகிறது. கீழே விழுந்தும் இருமுறை எழுகிறது. மகன் திரும்பி வருவானா என்று அவர் செவிமடுப்பதும், பேத்தி சேர்த்த விறகு குறைவு என வருந்துவதும் அவர் மனம் அந்நியதியை முழுமையாக ஏற்கவில்லை என்பதைக் காட்டுகின்றன. கதை வினாவுடன் முடிவதும் இதனை உறுதிப்படுத்துகிறது. எனவே, தவிர்க்க முடியாத மரணத்தையும் தவிர்த்திருக்கக்கூடிய அலட்சியத்தையும் வாசகர் பிரித்துணர இக்கதை இடமளிக்கிறது.'

எண்ணிப் பாருங்கள். ஆறு வாக்கியம்தான். நான்கு சான்றுகள் இருக்கின்றன, கருத்து கடைசியில் வருகிறது. அரைவட்டம் அடித்துக் கிட்ட வந்து சுடுவது இப்படித்தான்.

வகுப்பில் கலந்துரையாடச் சில கேள்விகள்:

1. பையன்கள் மூஸை நேரில் பார்ப்பதற்கு முன்பே அதைப் பற்றி என்னென்ன தெரிந்துகொள்கிறார்கள்? ஒவ்வொன்றுக்கும் உரிய தடத்தைக் குறிப்பிடுக.

2. கோஸ்கூஷ் கண் தெரியாதவராகப் படைக்கப்பட்டிருப்பது கதைக்கு எவ்வாறு துணைசெய்கிறது?

3. மகனையும் பேத்தியையும் ஒப்பிடுக. இருவரும் அவரை விட்டுத்தான் போகிறார்கள். இருந்தும் கதை இருவரையும் ஒரே மாதிரி காட்டுகிறதா?

4. மூஸ் பெரும்பாலும் தனித்து வாழும் விலங்கு என்ற உண்மை உங்கள் வாசிப்பை மாற்றுகிறதா? ஏன்?

மூன்றாவது கேள்வியை அந்த வகுப்பிலேயே கொடுத்துப் பார்த்தேன். 'பாரமாக இருக்கக் கூடாது' என்று எழுதியிருந்த ஒரு மாணவி தன் பழைய தாளைத் திரும்பக் கேட்டு வாங்கி, படிப்பினையை அடித்துவிட்டு வேறு எழுதினாள்: 'நம்மால் முடியாததை நியதி என்று சொல்லலாம், செய்ய மறந்ததை அப்படிச் சொல்லக் கூடாது.' பக்கத்தில் பேனாவால் சிறியதாக இன்னொரு வரி இருந்தது: 'இன்னைக்குப் பாட்டிக்குப் போன் பண்ணனும்.' அந்த வரிக்கு மதிப்பெண் திட்டத்தில் இடமில்லை. ஒரு சரி மட்டும் போட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.